ஒளிய இடமில்லாத வீடு

போன சனிக்கிழமை வசந்தி அக்கா ஏரிக்குள் இறங்கினார்.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஏரி உறைந்து கிடந்தது. கரையோரம் யாரோ பனிக்கட்டியை உடைத்து, ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்குத் தண்ணீரைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த ஓட்டைக்குள்தான் அக்கா இறங்கினார். நீச்சல் உடை... தலையில் கம்பளித் தொப்பி... கழுத்தில் தாலிக்கொடி!

நான் காரின் கதவைப் பிடித்தபடி நின்றேன். மற்றக் கையில் ஆட்டிறைச்சிக் கறிச் சட்டி. என் கணவர் மரியாதையாகத் திரும்பி நின்று ஒரு பைன் மரத்தை மிகக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

உங்களுக்கு வசந்தி அக்காவைத் தெரியாது. தெரிந்திருந்தால் நீங்களும் சட்டியை இறுக்கிப் பிடித்திருப்பீர்கள். டோர்ட்மண்டில் எங்கள் பழைய அயலவர், வயது அறுபத்தாறு. செப்டெம்பர் பிறந்ததும் காதைச் சுற்றிச் சால்வை கட்டுவார், மே மாதத்தில்தான் அவிழ்ப்பார். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீமைக் கூடக் கரையவிட்டுக் கொடுத்தவர். அவர் இப்போது கழுத்தளவு தண்ணீரில், இரண்டு ஜேர்மன் மாமிகளுக்கு நடுவே நின்று எனக்குக் கை காட்டுகிறார்.

"மாலினி, வாடி! இறங்கு!"

"அக்கா, விறைச்சுப் போவீங்கள்! ஏறுங்கோ மேல!"

"ஒண்டும் செய்யாது. மூச்சைப் பிடிச்சு வைச்சிருக்காத, விடு. அவ்வளவுதான்!"

மூச்சை விடுவதா? எனக்கு அது ஏற்கெனவே நின்றிருந்தது.

கரையில் பரமண்ணை, அதாவது அக்காவின் கணவர், ஒரு பெரிய துவாயை விரித்துப் பிடித்தபடி நின்றார். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். கண் தண்ணீரை விட்டு அசையவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். அண்ணையும் அக்காவும் போன இலையுதிர்காலத்தில் பென்சன் எடுத்தார்கள். எடுத்த கையோடு ஒரு பழைய வோன்மொபில் வாங்கினார்கள். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும், சில்லுப் பூட்டிய வீடு. பார்த்திருப்பீர்கள். கோடையில் ஓட்டோபான் நெடுஞ்சாலையில் எங்களுக்கு முன்னால் ஊர்ந்து எரிச்சல் மூட்டுமே, அதுதான். நவம்பரில் மாடி வீட்டைப் பூட்டிவிட்டு, சாவர்லாந்து மலைப்பக்கம் ஒரு ஏரிக்கரை காம்பிங் பூங்காவில் போய் நிறுத்திவிட்டார்கள். மாரி, அதாவது பனிக்காலம் முழுக்க அங்கேதானாம்!

கேள்விப்பட்டதும் எங்கள் சனத்துக்கு வேறு வேலை இருக்குமா? வீடு போய்விட்டதாம் என்றார் ஒருவர். மகனோடு கோபமாம் என்றார் இன்னொருவர். அண்ணைக்கு நெஞ்சில் ஏதோ வருத்தம், மலைக்காற்று வேண்டுமாம் என்றது மூன்றாவது கட்சி. நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை... எல்லாவற்றையும் நம்பினேன். அதனால்தான் கறிச் சட்டி.

நீங்களே சொல்லுங்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விடுதியில் ஒரு அறைக்குள் ஐந்து பேர் படுத்தவர்கள் நாங்கள். அதிலிருந்து ஒவ்வொரு சுவராகச் சேர்த்துச் சேர்த்துத்தான் மனிதரானோம். இரண்டு மாடி, தோட்டம், கராஜ் எல்லாம் கிடைத்த பிறகு யாராவது அதைப் பூட்டிவிட்டு ஒரு பெட்டிக்குள் போய் இருப்பார்களா?

அந்தப் பூங்காவில் போய்ப் பார்த்தால், இருக்கிறார்கள். வரிசையாக வண்டிகள், கூரையெல்லாம் பனி, உள்ளே வெளிச்சம். பெரும்பாலும் ஜேர்மன் ஓய்வூதியக்காரர்கள். ஒருவர் பறவைக் கூடு செய்கிறார். சிலர் உறைந்த தரையில் கைப்பிடி வைத்த கட்டையொன்றை வழுக்கிவிட்டு, ஏதோ உலகக் கிண்ணம் வென்றதுபோல் கத்துகிறார்கள். பின்னேரம் சீட்டாட்டம். பொழுதுபோக்கு என்றால் இவர்களுக்குக் கோயில் திருவிழா மாதிரி, ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று இருக்கிறது.

பரமண்ணைக்குப் புதன்கிழமைகளில் பின்னல் வகுப்பு. ஓம்... கம்பளி நூலும் ஊசியும் வைத்துப் பின்னுவது. ஐந்து மாமிகளும் ஒரு அண்ணையும்! முப்பது வருடத்துக்கு மேல் பாண் ஃபக்டரியில் இரவு வேலை செய்த அந்தக் கைகளில் இரண்டு ஊசிகளைப் பார்த்ததும் எனக்கு இரண்டாவது தடவை மூச்சு நின்றது.

"அண்ணை, என்ன இது?"

"சொக்ஸ்."

"ஆருக்கு?"

"முடிஞ்சாப் பிறகுதான் தெரியும். ஆற்ற காலுக்கு அளவா வருதோ, அவைக்கு."

அண்ணை பகிடி விடுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வண்டிக்குள் ஒருவர் எழுந்தால் மற்றவர் இருக்க வேண்டும். நாங்கள் நால்வர் சாப்பிட இருந்தபோது நிலைமையை யோசித்துப் பாருங்கள். என் கணவரின் முழங்கை யன்னலில், என் முழங்கால் அடுப்பில். கறிச் சட்டி வைக்க இடமில்லாமல் ஆள் மாறி ஆள் மடியில் ஏந்திக்கொண்டோம். அவர்கள் இருவரும் மட்டும் எங்கும் முட்டாமல், பார்க்காமலே ஒருவருக்கு ஒருவர் வழி விட்டு நடமாடினார்கள்.

சாப்பிட்டு முடிய அண்ணை தேநீர் ஊற்றினார். அதுவே பெரிய செய்தி. அக்காவின் கோப்பையில் சீனி போடாமல் நீட்டினார்.

"அண்ணை, அக்காவுக்கு மறந்துபோனீங்கள்."

"அவ சீனி போடுறேல்லை." சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "எனக்கும் இஞ்ச வந்துதான் தெரியும். விட்டுக் கனகாலமாம்."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

உங்களில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தலைமுறை இங்கே குடும்பம் நடத்தியது எப்படி? அண்ணை இரவு வேலை, அக்கா பகல் வேலை. அக்கா முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்க விடிய முன்னே கிளம்ப, அண்ணை வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுவார். பிள்ளைகளோடு எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? எங்கள் பிள்ளைகளை நாங்கள் ஒருநாளும் தனியே விட்டதில்லை என்று மேடை போட்டுச் சொல்வோம். உண்மைதான். ஆனால் புருஷனும் பெண்சாதியும் வாசல்படியில் மட்டும் சந்தித்துக்கொண்டார்களே... அதை எந்த மேடையிலும் நாங்கள் சொன்னதில்லை.

சாப்பிட்ட தட்டுகளைக் கழுவ அக்காவும் நானும் பொதுக் கழுவும் அறைக்குப் போனோம். வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

"நான் தனிய இருக்கப்போறன் எண்டு அவருக்குச் சொன்னனான், மாலினி."

"எங்க அக்கா? கனடாவில சொந்தக்காரரிட்டையோ? எத்தினை நாள்?"

"நாள் கணக்கில்லை. விட்டுட்டுப் போறது."

என் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்தது. நல்லவேளை, பிளாஸ்டிக்.

"அக்கா! இந்த வயசிலயோ?"

"இந்த வயசிலதானே நேரம் கிடைச்சது."

ஏரிக்குள் அவரைப் பார்த்தபோது வந்தது அதிர்ச்சியே இல்லை, வாசகர்களே. அது வெறும் குளிர். இதுதான் அதிர்ச்சி. நாற்பது வருடக் கல்யாணம்! போன வருடம் ஊர்க் கூடம் ஒன்றில் நாங்கள் எல்லாரும் கூடி வாழ்த்தி, படம் எடுத்து, மூன்று தட்டுக் கேக் வெட்டிய தம்பதி!

"அண்ணை... அடிச்சவரோ?"

"சீ!"

"குடியோ?"

"இல்லையடி. எனக்கு ஆளைத் தெரியாது. அவ்வளவுதான்." அக்கா அடுத்த தட்டை எடுத்தார். "பென்சன் எடுத்து முதல் கிழமை. காலமை குசினிக்குள்ள வாறன், ஒரு ஆம்பிளை நிண்டு கோப்பை எங்க இருக்கு எண்டு கேக்கிறார். திடுக்கிட்டுப் போனன். ஆரோ வீட்டுக்குள்ள வந்து நிக்கிற மாதிரி. பிறகு அவர் மேல ரீவியோட, நான் கீழ. 'சாப்பாடு மேசையில.' 'ம்.' ஒரு நாளைக்கு இவ்வளவுதான் கதை. இப்பிடி இருக்கிறதுக்குத் தனிய இருக்கலாம் எண்டு ஒரு அறை வீடொண்டு தேடத் தொடங்கினன். அவரிட்டையும் சொன்னன்."

"கத்தினவரோ?"

"இல்லை. யோசிச்சுக்கொண்டு திரிஞ்சார். பிறகு வந்து, 'வசந்தி, ஒளிக்க இடமில்லாத இடத்தில ஒரு மாரி இருந்து பாப்பம். அதுக்குப் பிறகு நீர் சொல்லுறதுதான்' எண்டார். அடுத்த கிழமை இந்த வாகனம் வாசலில நிக்குது."

ஒரு வீட்டையே சில்லில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்த, அந்த ஊமை மனிதருக்கு எங்கிருந்து துணிவு வந்தது?

வந்த முதல் மாதம் ஒரே சண்டையாம். குறட்டைக்குச் சண்டை, காஸ் சிலிண்டருக்குச் சண்டை, யன்னல் திறக்கிறதுக்குச் சண்டை. முன்பு வீட்டில் சண்டையே வந்ததில்லையாம். வராதுதானே? சண்டை பிடிக்கவும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டுமே! கோபத்தில் கதவை அறைந்துவிட்டுப் போக அங்கே அறையும் இல்லை. போனால் பனிக்குள்தான் போக வேண்டும். அதனால் இருந்த இடத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருக்கிறார்கள்.

"பித்தப்பை ஒப்பரேசனுக்கு நான் தனிய பஸ் ஏறிப் போனதைச் சொன்னன். அவருக்கு ஷிஃப்ற் மாத்த ஏலாமல் போச்சு. பக்கத்து வீட்டுக்காரி காரில கூட்டிக்கொண்டு போனவ எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறார். பஸ்ஸில போனனான் எண்டதும் எழும்பி வெளிய போய்ப் பனி அள்ளினார். எங்கட இடம் முடிஞ்சுது, பக்கத்து இடம் முடிஞ்சுது, அதுக்கங்கால போறார்... உள்ள வந்து, 'மன்னிச்சுக்கொள்ளும்' எண்டார். அந்தச் சொல்லை அவற்ற வாயால நான் கேட்டதே இல்லை, மாலினி."

அக்காவின் கண் கலங்கியிருந்தது. எனக்கு வழிந்தே விட்டது. ஆவியில் ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியவில்லை, நல்லதாகப் போயிற்று.

"அப்ப போகமாட்டீங்கள்தானே அக்கா?"

"செவ்வாய்க்கிழமை வரச்சொல்லி ரெர்மின் தந்திருக்கினம். வீட்டைப் பாத்துக் கையெழுத்து வைக்கோணும்."

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"தெரியும். அந்த வாகனத்துக்குள்ள எதை ஒளிக்க ஏலும்?" அக்கா குழாயை மூடினார். "ஆள் நல்லவர் எண்டு இப்பதான் தெரிய வருது. ஆனா மாரி முடியும். திரும்பி அந்தப் பெரிய வீட்டுக்குப் போவம். அவர் மேல, நான் கீழ. எனக்கு அதுதான் பயம். அதை இன்னொருக்கா என்னால ஏலாது."

வீடு திரும்பும் வழி முழுக்க வெறும் கறிச் சட்டி என் மடியில் இருந்தது. என் கணவர் ஒருமுறை, "கறி நல்லா இருந்தது" என்றார். நான் "ம்" என்றேன்.

எங்கள் சனத்தில் பிரிவது குறைவு என்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்துகிறோம். பிரியவில்லை, சரி. சேர்ந்து இருந்தோமா? அதை யாராவது யாரிடமாவது கேட்டிருக்கிறோமா? இந்தக் கேள்வி ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் என்னை விடவில்லை. செவ்வாய்க்கிழமை நான் வேலை செய்யும் பல் வைத்தியரின் வரவேற்பில் இருந்துகொண்டு, பல் பிடுங்க வந்தவருக்குப் பல் வெளுக்க நேரம் குறித்துக் கொடுத்துவிட்டேன். மாலை வந்ததும் முதல் வேலையாகப் போன் எடுத்தேன்.

"அக்கா, போனீங்களோ?"

"ஓம். அவரும் வந்தவர்."

"அண்ணையோ? அவர் ஏன்?"

"வீடு பாக்க. சுவரைத் தட்டிப் பாத்தார். குழாயைத் திறந்து பாத்தார். அறையைச் சூடாக்கிற ஹைட்சுங் வேலை செய்யுதோ எண்டு கையை வைச்சுக்கொண்டு நிண்டார். பிறகு, 'நல்ல வீடு, உமக்கு இருக்க அளவாக் காணும்' எண்டு சொல்லிப்போட்டு வாசலில போய் நிண்டார்."

"பிறகு?"

"கையெழுத்து வைச்சிட்டன்."

கதிரையில் இருந்துவிட்டேன். அந்த மனிதர் வாசலில் நிற்பது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அக்கா மீது கோபம் கூட வந்தது, எனக்கென்ன உரிமையோ தெரியாது.

"வைச்சிட்டு வாசலுக்குப் போய்க் கேட்டன், ரெண்டு பேர் இருக்கவும் இது காணாதோ எண்டு. திரும்பி ஒருக்கா அறையைச் சுத்திப் பாத்தார். பிறகு, 'வோன்மொபிலை விடப் பெரிசுதானே' எண்டார். வாடகைக்கு விடுற வீட்டுக்காரிதான் பயந்துபோனா, ஒரு அறைக்குள்ள ரெண்டு கிழடுகளோ எண்டு."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அப்ப உங்கட மாடி வீடு, அக்கா?"

"அதைத்தான் விட்டுட்டுப் போறன்."

இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. ஆனா பேரை மாத்து. என்னைக் கொஞ்சம் மெலிவாவும் எழுது" என்றார். எழுதியிருக்கிறேன்.

போனை வைத்தபோது எங்கள் வீடு அமைதியாக இருந்தது. என் கணவர் மாடியில், தன் அறையில். நான் கீழே, குசினியில். எப்போதிலிருந்து இப்படி? யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என்ன, கீழ இன்ரநெற் நிண்டுபோச்சோ?"