ஒரு நூல் உயரம்

அவர்கள் கேட்ட உயரத்துக்கு நான் மட்டுமட்டாக இருந்தேன். காலையில் அளந்தால் ஒரு நூல் கூடுதல், சாயங்காலம் அளந்தால் ஒரு நூல் குறைவு. அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கைத் தச்சர்கள் நூல் என்பார்கள். ஆமிக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்த நாளிலிருந்து தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் கதவு நிலை முழுவதும் பென்சில் கோடுகள்தான். சாயங்காலம் நான் குறைவதற்குக் காரணம் மழை ஈரத்தில் மரநிலை ஊதுவதுதான் என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பொகவந்தலாவையில் எந்தக் குற்றத்தையும் மழைமேல் போடலாம், அது எதிர்த்துப் பேசாது.

எனக்கு அந்த வேலை வேண்டும். சும்மா ஒரு பேச்சுக்கு இல்லை, சோறு இறங்காத அளவுக்கு வேண்டும். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது எனக்கு வயது தாண்டிவிடும். ஆகவே அந்த ஒரு முறைதான்.

அதற்கு முந்தைய வருடம் மண்சரிவுக்குப் பயந்து எங்கள் லயத்து ஆட்களைத் தோட்டப் பாடசாலையில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். உதவிக்கு வந்த ஆமிக்காரர்களில் இரண்டு பேர் பெண்கள். அதில் ஒருத்திக்கு என் வயதுதான் இருக்கும். நடக்க முடியாத ஒரு பெரியம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு சேற்றுப் படியில் இறங்கி வந்தாள். இறக்கிவிட்டு, குனிந்து சப்பாத்து நாடாவை இழுத்துக் கட்டினாள். யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கட்டி முடித்ததும் அடுத்த ஆளைத் தூக்க மேலே ஏறிப் போய்விட்டாள். நான் கோப்பையில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றேன், அது ஆறிப்போய்விட்டது. எங்கள் தோட்டத்திலிருந்து வெளியே போன பெண்கள் எல்லாரும் கொழும்பில் யாருடைய வீட்டிலோ சமைக்கப் போனவர்கள், இல்லை கார்மெண்ட்டில் தைக்கப் போனவர்கள். இவளைப் போலக் காலை ஊன்றி நடந்த ஒருத்தியை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அந்த நடை எனக்கும் வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

விஷயம் லயத்தில் பரவ அரை நாள்கூட ஆகவில்லை. ஒரே சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் அத்தைதான் முதலில் பிடித்துக்கொண்டார்.

"நம்ம சனத்துல யாருடி ஆமிக்குப் போனா? துவக்கு தூக்குறது இருக்கட்டும், மொதல்ல ஒரு கொடம் தண்ணிய ஊத்தாம தூக்கிட்டு வா பாப்போம்!"

சிரித்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்காதவர்களும் இருந்தார்கள். சண்டை முடிந்து இத்தனை வருடம் ஆகியும் ஆமி என்ற சொல்லைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறவர்கள் அவர்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அப்பா செத்த பிறகு வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். நான் போய்விட்டால் அம்மா தனி. அதை அம்மா ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை.

"எடுத்தாங்கன்னா போ. எடுக்கலன்னா மலைக்கு வா. ரெண்டுக்கும் காலு வேணும்ல, ஓடு" என்றார். அவ்வளவுதான்.

ஓடினேன். தினமும் பெரட்டுக்கு முன்னால், அதாவது காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதற்கு முன்னால், லயத்திலிருந்து தேயிலைத் தொழிற்சாலை வரை போய்த் திரும்புவேன். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரத்தை அப்பிக்கொள்வேன். அரை மணி நேரத்தில் அது வியர்வையில் நுரைத்துக்கொண்டு வரும். முதல் வாரம் நாய்கள் துரத்தின, இரண்டாவது வாரம் கூடவே ஓடின, மூன்றாவது வாரம் அலுத்துப்போய்ப் படுத்துக்கொண்டன. மோட்டார் சைக்கிளில் வந்த கண்டாக்கு ஐயா ஒரு நாள் நிறுத்தினார். கொழுந்து மலையில் எங்கள் வேலையைப் பார்க்கிறவர் அவர்.

"ஏ புள்ள, யாரு தொரத்துறா ஒன்னைய?"

"நான்தாங்க ஐயா தொரத்துறேன். ஆமியத் தொரத்துறேன்."

"புடிச்சா எனக்கும் சொல்லு!" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மரக்கிளையில் தொங்கினால் உயரம் கூடும் என்று போனில் பார்த்த ஒரு வீடியோவில் ஒருவர் விளக்கினார். லயத்துக்குப் பின்னாலிருந்த கொய்யா மரத்தில் இருபது நாள் தொங்கினேன். கிளைதான் தாழ்ந்தது. பாரம் தூக்கிப் பழகவேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். அதற்கு மட்டும் எங்கள் தோட்டத்தில் குறைச்சலே இல்லை. என் கொழுந்துச் சாக்கோடு அம்மாவின் சாக்கையும் சேர்த்துத் தலையில் வைத்துத் தராசு வரை தூக்கிக்கொண்டு போனேன். அம்மா கையை வீசிக்கொண்டு பின்னால் வருவார். "ஒனக்குப் பயிற்சி, எனக்கு லீவு. தெனமும் ஆமிக்கு ஆள் எடுத்தா நல்லாத்தான் இருக்கும்" என்பார்.

சப்பாத்து வாங்க பஜாருக்குப் போனேன். கடைக்கார நானா, முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம், என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். தீபாவளிக்குத் தீபாவளி செருப்பு கொடுத்தவர்.

"நானா, ஓடுற சப்பாத்து ஒன்னு வேணும்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

ரோஸ் கலரில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். என் கால் அதற்குள் போகவில்லை. சின்னதிலிருந்து வெறுங்காலோடு சரிவில் ஏறி இறங்கிய கால், விரல்கள் விரித்த கையைப் போல அகன்றிருந்தன. அடுத்த சைஸ், அதற்கடுத்த சைஸ். கடைசியில் நானா பெருமூச்சு விட்டுவிட்டு ஆண்கள் பக்கத்திலிருந்து கறுப்பில் ஒன்றை எடுத்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"ஆமிக்கா போறீங்க? அப்ப இந்தத் தடிச்ச சோல் உள்ளத எடுங்க. ஒரு அங்குலம் ஒசந்துருவீங்க."

"வெறுங்காலோட நிக்க வச்சுத்தான் அளப்பாங்க, நானா."

"அட, அதுக்கு நான் ஒன்னும் செய்ய ஏலாதே!" என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு, "பஸ் ஸ்டாண்டு மட்டும் ஓடிப் பாத்துட்டு வாங்க. திரும்பி வந்துருங்க, அப்புடியே ஆமிக்குப் போயிறாதீங்க" என்றார்.

சுடிதாரோடு ஆண்பிள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பஜார் வழியே ஓடினேன். மரக்கறிக் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரும்புகிற பஸ் ஒன்று எனக்காகவே ஹாரன் அடித்தது. வெட்கமாக இருந்திருக்க வேண்டும், இல்லை. தார் ரோட்டில் என் காலடிச் சத்தம் டப்டப்பென்று எனக்கே கேட்டது. அதுவரை நான் நடந்தால் சத்தம் வந்ததே இல்லை. என் வாழ்க்கையில் எந்த நாளை இன்னொரு தடவை தருகிறோம் என்று யாராவது கேட்டால் அந்தப் பஜார் நாளைத்தான் கேட்பேன்.

தேர்வு நாளன்று முதல் பஸ்ஸில் அம்மாவோடு ஹட்டனுக்குப் போய், அங்கிருந்து வேறொரு பஸ் பிடித்து முகாமுக்குப் போனேன். அம்மா வாசலுக்கு வெளியே பஸ் தரிப்பிடத்தில் இருந்துகொண்டார். உள்ளே நூறு பேருக்கு மேல் பெண்கள். தமிழ்ப் பிள்ளைகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான். சிங்களம் எனக்கு வரும். பஜாரில் பேசிப் பழகியது.

முதலில் ஓட்டம். சமதரையில் ஓடுவது இவ்வளவு லேசானதா என்று நான் திகைத்துப்போனேன். யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி கால் தானாகப் போனது. இரண்டாவதாக வந்தேன். நேரம் குறித்துக்கொண்டிருந்த ஆமிக்கார அக்கா நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பாதி வேலை கிடைத்துவிட்டது.

உயரம் மத்தியானத்துக்குப் பிறகுதான். பெயர் கூப்பிடும்வரை மைதான ஓரத்தில் இருக்கச் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தால் பாதிப் பிள்ளைகள் புல்லில் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். பாவம், ஓடிக் களைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நான் நிமிர்ந்து நின்றேன், பையைக்கூட முதுகிலிருந்து இறக்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு சிங்களப் பிள்ளைக்கு மயக்கமோ என்று பயந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். மயக்கமெல்லாம் இல்லை, நின்றால் முதுகெலும்பு அமுங்கி உயரம் குறையும், படுத்தால் திரும்ப வரும், இது தெரியாதா உனக்கு என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. கதவு நிலை ஊதியதல்ல, அமுங்கியது நான். ஒரு மாதமாக இரண்டு சாக்கைத் தலையில் வைத்து என்னை நானே அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அட மடச்சி என்று என்னையே திட்டிக்கொண்டு பையைக் கழற்றி எறியும்போது என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அளந்தது ஓட்டத்தில் நேரம் குறித்த அதே அக்கா. அளவுகோலின் கட்டையை என் தலையில் இறக்கினார். ஒரு நூல் குறைவு. மறுபடி அளந்தார், அதேதான். என் பெயருக்கு நேரே எழுதப் போன பேனாவை நிறுத்திவிட்டு, தங்கச்சி, போய்ப் படு, உன்னைக் கடைசியாகக் கூப்பிடுகிறேன், அதுவரை எழும்பாதே என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. இப்போதும் அவரை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும்.

ஓடிப்போய்ப் படுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு முதுகை நீட்டினேன். எங்கள் கோயில் அம்மனிடம் ஒரே ஒரு நூல்தான் கேட்டேன். கால் மணி நேரம் போயிருக்கும். சப்பாத்துச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் தோளில் பட்டையும் நட்சத்திரமுமாக ஒரு பெரிய அதிகாரி எங்கள் பக்கமாக வருகிறார்.

நான் எழுந்துவிட்டேன்.

யோசித்து எழுந்ததில்லை. எங்கள் தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப் தூரத்தில் வந்தாலே குந்தியிருக்கிறவர்கள் எழுந்துவிடுவோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, எழாவிட்டால் யாரும் அடித்ததுமில்லை. எழுவோம், அவ்வளவுதான். அவர் பரவாயில்லை, படு என்பது போலக் கையைக் காட்டினார். நான் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன். அவர் போயிருந்தால் படுத்திருப்பேன். போகவில்லை. எனக்கு நாலடி தள்ளி நின்று இன்னொருவரோடு பேச ஆரம்பித்துவிட்டார். சிங்களப் பிள்ளை என் காற்சட்டையைப் பிடித்து இழுத்து, படு, படு என்று கிசுகிசுத்தாள். சுற்றிவர அத்தனை பேரும் அவர் காலடியில் நீட்டி நிமிர்ந்து கிடக்கிறார்கள். படு என்று என் மனசும் கத்துகிறது. முழங்கால் மடங்கவில்லை. ஒரு பெரியவர் நிற்கும்போது அவர் முன்னால் மண்ணில் மல்லாந்து படுக்க என் உடம்புக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது, ஆத்திரம் வந்தது, படுக்க மட்டும் வரவில்லை. என்னைக் கடைசியாகக் கூப்பிடும்வரை அவரும் நின்றார், நானும் நின்றேன்.

அரை நூல் குறைவு. அக்கா கட்டையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார். ஏன் எழும்பினாய் என்று கேட்டார். பேனாவை எடுத்து எழுதினார்.

எழுந்ததால்தான் போனதா, கடைசிவரை கிடந்திருந்தாலும் போயிருக்குமா, எனக்குத் தெரியாது. தெரியாததுதான் அரிக்கிறது. இப்போது டிக்கோயாவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். நல்ல முதலாளி, நல்ல பிள்ளைகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. பச்சை லொறி ஒன்று ஹட்டன் பக்கம் ஏறிப் போனால் மட்டும் கையிலிருக்கும் சேலையை மடிக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பேன். பின்பக்கத்தில் ஒரு பெண் முகமாவது இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் அந்த நாள் முழுக்க எனக்கு வேலை ஓடாது. இல்லாவிட்டாலும் ஓடாது.

அன்றைக்கு வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"எவ்வளவுடி?"

சுண்டுவிரல் நகத்தின் வெள்ளையைக் காட்டினேன்.

"இம்புட்டுக்கா!" என்று விரலைப் பிடித்துப் பார்த்தார். "ஓட்டம்?"

"ரெண்டாவதும்மா." அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "படுத்துரு, எந்திரிக்காதன்னு அந்த அக்கா சொன்னாங்கம்மா. படுத்திருந்தா எடுத்திருப்பாங்கம்மா."

"அப்ப படுத்திருக்க வேண்டியதுதானடி? ஏன்டி எந்திரிச்ச?"

"பெரிய ஐயா ஒருத்தர் வந்துட்டாரும்மா."

அம்மாவின் கோபம் அப்படியே அடங்கிப்போனது. முந்தானையை இழுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"ஐயா வந்தா எந்திரிக்கத்தானேடி வேணும்" என்றார்.