பாஷை என்கிற சாக்கு

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போகாததற்கு என் கணவர் சொன்ன காரணம் எப்போதும் ஒன்றுதான்: பாஷை.

ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பிட்டராக இருந்தவர், எண்பதுகளின் தொடக்கத்தில் மடகாஸ்கரில் ஒரு பஞ்சாலைக்கு வேலைக்குப் போனார். போய்ச் சில வருஷம் கழித்து லீவில் வந்தபோது எங்களுக்குக் கல்யாணம் ஆனது. ஒன்றரை மாதம் கூட இருந்தார். பிறகு பால்கோவாப் பொட்டலங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"அங்க எல்லாம் பிரெஞ்சுதான். ஒரு தீப்பெட்டி வாங்கணும்னாலும் பிரெஞ்சு. பாஷ தெரியாம நீ வந்து என்னத்தப் பண்ணுவ? நானே கோவில்பட்டிக்காரங்க ரெண்டு பேரோட குவார்ட்டர்ஸ்ல ஒண்டிக்கிட்டுக் கெடக்கேன்" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. அடுத்த லீவிலும் அதையே சொன்னார். அப்போதும் நியாயமாகத்தான் பட்டது, ஆனால் அவர் ரயிலேறிப் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. பாஷைதானே? சீனச் சுவர் ஒன்றும் இல்லையே. பி.ஏ. படித்தவள், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் நாள் முழுக்க இங்கிலீஷில் பெட்டிஷன் டைப் அடிப்பவள். எனக்கு ஒரு பாஷை வராதா? படித்துக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பினேன். அவருக்குச் சொல்லவில்லை. வந்து இறங்கும்போது அசந்து போகட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

சென்னையிலிருந்து தபாலில் ஒரு புத்தகமும் நாலு கேசட்டும் வரவழைத்தேன். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் டேப் ரிக்கார்டரைப் போட்டுவிட்டு அதனுடன் சேர்ந்து சொல்லுவேன். "ஏட்டி, அந்தப் பொம்பள மூக்கடச்சுப் போயி பேசுதாளே, அவளுக்கு யாரும் கசாயம் வச்சுக் குடுக்க மாட்டாகளா?" என்பார் மாமியார். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வினைச்சொற்களை முணுமுணுத்துக்கொண்டே போவேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா ஒருநாள், "என்ன தாயி, புள்ளைக்கு வேண்டுதலா? ஆண்டா கண்ணத் தொறப்பா" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கினார். அன்றைக்கு முழுக்க டைப்பில் தப்பாக அடித்துக்கொண்டிருந்தேன்.

நிகழ்காலம் சுலபமாக வந்தது. நடந்து முடிந்ததைச் சொல்லும் இறந்தகாலமும் முட்டி மோதி வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் புத்தகத்தில் இன்னொரு இறந்தகாலம் முளைத்தது. ஒருதரம் நடந்து முடிந்ததற்கு இல்லை, பல நாள் நடந்துகொண்டே இருந்ததற்கு. முன்பெல்லாம், தினமும், எப்போதும் என்று தொடங்குகிற சங்கதிகளுக்கு. செய்முறை ஒன்றும் கஷ்டமில்லை. 'நாங்கள் பேசுகிறோம்' என்பதற்கு 'நூ பார்லோன்'. அதன் வாலை வெட்டிவிட்டுப் புது வாலை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று வரிசையாக: ஜெ பார்லெ, து பார்லெ, இல் பார்லெ, நூ பார்லியோன், வூ பார்லியே, இல் பார்லெ. ஆறில் நாலு காதுக்கு ஒரே மாதிரி கேட்கும், எழுத்தில்தான் வித்தியாசம். எல்லா வினையும் இந்த விதிக்கு அடங்கிப் போகும், 'இரு' என்கிற ஒரே ஒரு வினையைத் தவிர. அது மட்டும் தன் இஷ்டத்துக்கு 'எத்' என்று தொடங்கும். ஜெத்தெ, நான் இருந்தேன். இதைத்தான் அதிகம் சொல்லிப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

நம் தமிழ் இந்த விஷயத்தில் தாராளம். 'நாளைக்குத் தேரடிக்குப் போவேன்' என்பதற்கும் 'சின்ன வயசில் தினமும் தேரடிக்குப் போவேன்' என்பதற்கும் ஒரே 'போவேன்' போதும். வரப்போவதும் வழக்கமாக இருந்ததும் ஒரே பானையில் வேகும். பிரெஞ்சுக்காரனுக்கு அது ஆகாது, தனித்தனி அடுப்பு வேண்டும்.

பாடத்தின் முடிவில் ஒரு பயிற்சி. 'நீங்களும் உங்கள் கணவரும், அல்லது மனைவியும், முன்பு வழக்கமாகச் செய்தவற்றைப் பற்றிப் பத்து வாக்கியங்கள் எழுதுக.' பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. பிளவக்கல் அணைக்கு ஒருதரம் போனோம், ஒருதரம்தான். மதுரையில் ஒரு சினிமா, அதுவும் ஒருதரம். அவருக்குக் காய்ச்சல் வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தேன், அதுவும் அப்படியே. எல்லாம் அந்தப் பழைய இறந்தகாலத்தில்தான் போய் உட்கார்ந்தது. வந்தார், போனார். எங்களுக்குள் 'தினமும்' என்று சொல்ல ஒன்றுகூடச் சேரவில்லை. அது தெரிந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதேன். மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

கடைசியில் எனக்கு மட்டும் தினமும் நடந்ததை எழுதினேன். மில் சங்கு ஊதும். நான் எழுந்திருப்பேன். பஸ் நிற்கும். நான் ஏறுவேன். மாமியார் தூங்கிப்போவார். நான் விழித்திருப்பேன். இலக்கணப்படி எல்லாம் சரி. கணவரும் மனைவியும் என்கிற தலைப்புக்குத்தான் பொருந்தவில்லை. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் ஒரு வருஷத்தில் பத்து என்ன, நூறு வாக்கியம் எழுதலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். அவரோடு ஒரே வீட்டில் தினமும் ஏதாவது நடக்க வேண்டும்.

தொண்ணூறு பிறந்த பிறகு அவர் மறுபடி லீவில் வந்தார். வந்த மறு வாரம் சாப்பிடும்போது மாமியாரே பேச்சை எடுத்தார்.

"ஏலே, இந்த வட்டமாச்சும் அவளக் கூட்டிக்கிட்டுப் போ. எம்புட்டு வருசந்தான் இப்படியே கெடப்பா?"

"பாஷ தெரியாம அங்க வந்து…" என்று அவர் ஆரம்பித்தார்.

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே பிரெஞ்சில் சொன்னேன்: எனக்குப் பாஷை தெரியும், நீங்கள் இல்லாதபோதெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக மனசுக்குள் தைத்து வைத்திருந்த வாக்கியம். அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது. பிறகு சிரித்தார். அப்படி வாய்விட்டு அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் வந்த பத்துப் பன்னிரண்டு நாள்தான் என் கல்யாண வாழ்க்கை என்று சொல்லலாம். மாமியார் எதிரிலேயே பிரெஞ்சில் பேசிக்கொள்வோம். நான் புத்தகத்தில் இருப்பது மாதிரி விறைப்பாகப் பேசுவேன். "கோர்ட்டுல சாட்சி சொல்லுத மாதிரி பேசுதட்டி" என்று அவர் கேலி செய்வார், வாயை எப்படிக் குவிக்க வேண்டும் என்று காட்டுவார். மில்லில் ஸ்பானர் பிடிக்கிற மனுஷருக்கு இவ்வளவு சரளமாக வருகிறதே என்று எனக்குப் பெருமைதான். கூட்டிப் போகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் பாஷை என்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஐப்பசி மழை. ஒருநாள் சாயங்காலம் மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரம் கரண்ட் போய்விட்டது. சிம்னி விளக்கை ஏற்றி நடுவில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். ஓட்டில் மழைச் சத்தம். பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று, பாடத்தில் படித்த கேள்வியையே அவரிடம் பிரெஞ்சில் கேட்டேன். அங்கே சாயங்காலங்களில் வழக்கமாக என்ன செய்வீர்கள்?

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். யோசிக்கவே இல்லை. அங்கேயும் இப்படித்தான் மழை பெய்யும், என்றார் பிரெஞ்சிலேயே. கரண்ட் போய்விடும். மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அப்புறம், "ல பெத்தீத் அவெ பேர்" என்றார். சின்னவள் பயப்படுவாள். கரண்ட் வருகிற வரைக்கும் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடுவேன்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்களே, அதுதான். ஆனால் என் மனம் முதலில் அந்தப் பூதத்தைப் பார்க்கவில்லை. வாக்கியங்களின் வாலைத்தான் பார்த்தது. ஒன்றில்கூடப் பிழை இல்லை. எல்லாம் அந்தந்த இடத்தில் சரியாக ஒட்டியிருந்தது. புத்தகம் வைத்துப் படித்தவர்களுக்கு அப்படி வராது, வீட்டில் புழங்கியவர்களுக்குத்தான் வரும். அவர் முகத்தைப் பார்த்தேன். என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கும் தெரிந்திருக்கிறது. தமிழில் எத்தனை தரம் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார், தமிழில் அவர் ஜாக்கிரதையானவர். அந்த வாழ்க்கை முழுக்க அந்தப் பாஷையில்தான் நடந்திருக்கிறது. நானாகப் போய்ச் சாவி செய்து எடுத்துவந்து திறந்திருக்கிறேன்.

"சின்னவள்னா யாரு?" என்று தமிழில் கேட்டேன்.

அவர் சிம்னியின் திரியை இறக்கினார். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் புருஷனை எவளோ ஒருத்தி வளைத்துப் போட்டிருக்கிறாள், நான் இங்கே பாவம் போல வாய்ப்பாடு படித்திருக்கிறேன். அவளுக்கு என்ன சாபம் விடலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் நான் இங்கே காத்துக் கிடந்த வருஷங்களில் ஆரம்பித்தது என்று நினைத்தேன். என்னையும் அப்போதே கூட்டிப் போயிருந்தால் நடந்திருக்காது என்று நினைத்தேன்.

"பிள்ளைக்கு என்ன வயசாச்சு?"

"பெரிய பிள்ளதான்" என்றார், சிம்னியைப் பார்த்துக்கொண்டே. "நம்ம கல்யாணத்தப்பவே அது நடக்கப் பழகிருச்சு."

சாபத்தை யார் மேல் விடுவது என்று அப்புறம் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் வீட்டுக்குள் பிறகு வந்தவள் நான்தான்.