சிவப்புப் பெட்டியின் கூரை

என் தங்கை தங்கமணியின் கணவர் அய்யாவு பொம்மை ரயில் சேர்ப்பவர். பிளாஸ்டிக் ரயில் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தகரத்தில் செய்து, சாவி கொடுத்தால் ஓடுகிற பழைய ரயில்தான் வேண்டும். கிள்ளான் பழைய இரும்புக் கடைகளில் குப்பையோடு குப்பையாகக் கிடந்ததையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருவார். துருவை எடுத்து, அரித்துப்போன இடத்துக்கு வேறு தகரம் வெட்டிப் போட்டு ஓடவைப்பார். கூடத்தில் தண்டவாளம் விரித்துவிட்டால் நாங்கள் எல்லாரும் சுவரோரமாக நடக்க வேண்டும். அதிர்ந்து பேசாத மனிதர்தான். ஆனால் ரயிலில் யாராவது கைவைத்தால் அன்று சாப்பிடமாட்டார்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஒரு தனியார் பட்டறையில் அவருக்குத் தகர வேலை. வீடும் பட்டறை கொடுத்ததுதான். வேலை போனால் அந்த மாதமே வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

1979 ஆயுதபூஜைக்குப் பட்டறையில் இயந்திரங்களுக்கு மாலை போட்டார்கள். நம் மாப்பிள்ளைக்கு அது போதவில்லை. தினமும் பிடிக்கிற தகரக் கத்தரியைத் தன் ரயில்களுக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட வேண்டுமாம். சாமான் எதுவும் கேட்டைத் தாண்டக்கூடாது என்று சட்டம். இவர் கத்தரியைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மறுநாள் காலை திருப்பிக் கொண்டுபோனார். எடுத்துப்போகும்போது பார்க்காத கேட் காவல்கார ஜாகா, கொண்டுவரும்போது பையைத் திறந்து பார்த்துவிட்டான்.

வேறு மாதமாக இருந்தால் திட்டி அனுப்பியிருப்பார்கள். அந்த மாதம் ஸ்டோரில் தகரத் தாள்கள் காணாமல் போயிருந்தன.

நான் பங்சாரில் கிராணியாகக் கணக்கெழுதும் வேலை பார்த்தவன். பூஜைக்கு வந்து இரவு அங்கேயே தங்கியிருந்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு ஸ்டோர் மேனேஜர் நாராயணன், ஜாகாவோடும் மாப்பிள்ளையோடும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். அலமாரியில் வரிசையாக நின்ற ரயில்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இவ்ளோ தகரம் எங்கேர்ந்து வந்துச்சு அய்யாவு?"

"நான் வெட்டிப் போட்டதெல்லாம் பிஸ்கட் டின் சார். தம்புசாமி கடையில காலி டின் வாங்குவேன். அச்சடிச்ச பக்கத்த உள்ளுக்குத் திருப்பிட்டு வெளிய பெயிண்ட் அடிச்சிருவேன். அந்தச் செவப்புப் பெட்டியத் தொறந்து பாருங்க, தெரியும்."

"நீ காட்டுறத நான் ஏன் பாக்கணும்? அந்தப் பச்சைய எடு."

மாப்பிள்ளை பச்சைப் பெட்டியை எடுத்தார், ஆனால் கொடுக்கவில்லை.

"அது ஜப்பான்ல செஞ்சது சார். நான் ஒரு வேலையும் செய்யல. இதுவரைக்கும் தொறந்ததே இல்ல."

"அப்ப அதைத்தான் தொறக்கணும்லா."

இந்த ரயில்களில் ஆணி கிடையாது. கூரையின் ஓரத்திலுள்ள சின்னச் சின்னத் தகரக் காதுகளைத் துளையில் நுழைத்து மடக்கியிருப்பார்கள். கவனமாக நிமிர்த்தினால் ஒருமுறை தாங்கும். திரும்ப மடக்கினால் ஒடிந்துவிடும். அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. உள்ளே வெறும் வெள்ளைத் தகரமாக இருந்தால் பட்டறைத் தகரத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் சொல்வது? தங்கமணி அடுப்பை அணைத்துவிட்டு வாசல்படியில் வந்து நின்றாள்.

மாப்பிள்ளை நான்கு காதுகளையும் நிமிர்த்திக் கூரையைத் தூக்கினார். உள்ளே ஒரு சிவப்பு மீனும் ஜப்பான் எழுத்தும் இருந்தன. ஜப்பான்காரர்களும் பழைய மீன் டின்னை வெட்டித்தான் பெட்டி செய்திருக்கிறார்கள்.

நாராயணன் சிரித்துவிட்டார். "சரிதான், நீ செஞ்சதெல்லாம் பழைய டின்னுதான். சும்மா சந்தேகப்பட்டுட்டேன்." எழுந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சார், அது நான் செஞ்சது இல்ல."

அவரை அறைந்திருப்பேன். தங்கை புருஷனாயிற்றே என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

நாராயணன் மறுபடி உட்கார்ந்தார். சிரிப்பு போய்விட்டது. மாப்பிள்ளை தானாகவே சிவப்புப் பெட்டியை எடுத்து மடியில் வைத்தார். ஒரு காது நிமிர்ந்தது. இரண்டாவதும் நிமிர்ந்தது. மூன்றாவது சட்டென்று ஒடிந்து தரையில் விழுந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. கூரை கழன்றதும் நான்தான் முதலில் எட்டிப் பார்த்தேன். ஓரம் முழுக்க வெள்ளையாக மின்னியது. ஒருவேளை இவர்தான் எடுத்தாரோ என்று அந்த நிமிடம் நான் நினைத்தேன். அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவர் கூரையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். நடுவில் ரோஜாப்பூவும், பாதி வெட்டுப்பட்ட பிஸ்கட் படமும் இருந்தன. டின்னில் ஓரத்துக்கு மட்டும் அச்சு இருக்காதாம். எனக்கு அது எப்படித் தெரியும்?

நாராயணன் அந்த ரோஜாவை விரலால் தடவிப் பார்த்தார். "கத்தரிய வெளிய கொண்டுபோனது தப்பு. அதுக்கு ஒரு வார்னிங் லெட்டர் வரும். வேலைக்கு வா," என்றார். குங்குமம் அழியாத கத்தரியை ஜாகாவிடமிருந்து அவரே வாங்கிக்கொண்டு போனார்.

அவர்கள் தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்தேன்.

"அவருதான் நம்பிட்டாரே மாப்ள. வாய மூடிட்டு இருந்தா என்ன?"

"அந்தப் பச்சைப் பெட்டிய உள்ளுக்குப் பாத்தீங்களா மச்சான்? மடிப்பெல்லாம் கோணல். நான் அப்படியா மடிப்பேன்? என் கை வேலைன்னு இந்தச் செவப்பத்தான் சொல்லிக்கலாம். எனக்கு வேற என்ன இருக்கு?"

"அப்ப நாங்க?" என்று தங்கமணி கேட்டாள்.

குரல் உயரவில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். வீட்டையும் அவளையும் சேர்த்துப் பணயம் வைத்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். குனிந்து, தரையில் கிடந்த ஒடிந்த காதைப் பொறுக்கினார். அன்று ரயிலுக்குச் சாவி கொடுக்கவில்லை.

தொண்ணூற்று ஒன்றில் ஓய்வு பெறும்வரை அந்தப் பட்டறையில்தான் இருந்தார். எத்தனையோ ரயில்களை ஓடவைத்தார். சிவப்புப் பெட்டிக்கு மட்டும் புதுக்காது வைத்துக் கூரையை மூடவில்லை. தங்கமணி அதில் ஊசி நூல் போட்டு வைத்துக்கொண்டாள். நூல் தீர்ந்தால் வாங்கி வந்து, அந்தப் பெட்டிக்குள் அவரே வைப்பார்.