மாப்பிள்ளை பிடித்த கை

என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன், சகோதரர்களே. புகழெல்லாம் இவற்றைப் படைத்தவனுக்கே.

மலாய் நாட்டில், மெர்கோங் என்ற ஊரில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன். கொரோனா அடங்கிய மறுவருஷம் உள்ளங்கையும் புறங்கையும் சிவந்து தடித்து, வெள்ளையாகச் செதில் உதிர ஆரம்பித்தது. சோரியாசிஸ் என்றார்கள் கிளினிக்கில். கொடுத்த களிம்பு கேட்கவில்லை. தொழுகை முடிந்து சலாம் கொடுக்கக் கை நீட்டினால், பக்கத்தில் இருப்பவர் கை கொடுக்காமல் தன் நெஞ்சில் கை வைத்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு என்னைக் கொன்றது. பள்ளிவாசலுக்குப் போவதே குறைந்துவிட்டது.

அப்போதுதான் மகளுக்குப் பக்கத்து ஊரான ஜித்ராவில் சம்பந்தம் முடிவானது. இங்கே நிக்காஹ்வில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான், மகளைக் கட்டிக்கொடுக்கும் வார்த்தையைச் சொல்ல வேண்டும். சபையே அந்தக் கைகளைத்தான் பார்க்கும். எனக்குப் பதிலாக இமாம் செய்யட்டும் என்றேன்.

"அத்தா, நீங்க கை குடுக்கலேன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்லா" என்றாள் மகள்.

நொறுங்கிப்போனேன். நெற்றியைத் தரையில் பதித்து சுஜூதில் கிடந்து ஒன்றையே கேட்டேன். யா அல்லாஹ், அந்த ஒரு நாளைக்காவது இந்தக் கையைச் சுத்தமாக்கிக் கொடு.

பதில், கிளினிக்கிலிருந்து அனுப்பிய ஆஸ்பத்திரியில் வந்தது. அங்கிருந்த மலாய் டாக்டரம்மா, களிம்பை எப்படிப் பூசுகிறீர்கள் என்று கேட்டார். களிம்போடு, தொழுகைக்குக் கைகால் கழுவும் ஒளு கூடாதே, அதனால் ஐந்து வேளையும் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு, பாத்திரம் தேய்க்கிற நாரால் எடுத்துவிடுவேன் என்றேன். அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். தேய்க்கத் தேய்க்கத்தான் இது கூடும், பாக்சிக் என்று, பெரியவரை அழைக்கும் மரியாதையோடு மலாயில் பொறுமையாக விளக்கினார். இது யாருக்கும் ஒட்டாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறித் தன் தோலைச் சீண்டுகிறது. அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம். பச்சைத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் தோலுக்கான கிரீம் பூச வேண்டும். களிம்பு சொன்ன வேளைக்கு மட்டும். இமாமிடமும் கேட்டேன். தோலில் ஊறிய மருந்து ஒளுவைத் தடுக்காது, மேலே படிந்ததைத் துடைத்தால் போதும் என்றார். இதை முன்பே கேட்க எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ். வெடிப்புகள் ஆறியிருந்தன, செதில் முழுதாகப் போகவில்லை. கையை நீட்டினேன். ஒரு கை கொடுத்தால் போதும். மாப்பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா சொல்லுங்க மாமா, நான் புடிச்சிருக்கேன்."

அழுதுகொண்டேதான் வார்த்தையைச் சொன்னேன். கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்தான் என் ரப்பு.

நோய் இன்னும் இருக்கிறது. ஆனால் ஒரு வக்துத் தொழுகைக்குக்கூடப் பள்ளியை விடுவதில்லை. உங்களில் யாருக்காவது இந்தச் சோதனை இருந்தால் துஆ கேட்பதையும் விடாதீர்கள், மருந்தையும் விடாதீர்கள். பள்ளியில் என்னைக் கண்டால் கை கொடுங்கள். ஒட்டாது.