பப்பாளிப் பாலும் பல் இல்லாத வாயும்

எண்பதுகளில் நான் பாப்பிரெட்டிப்பட்டியில் பெண்பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். வினையூக்கி பாடத்தை வருடா வருடம் ஒரே மாதிரிதான் சொல்வேன்: வினையின் வேகத்தைக் கூட்டும், ஆனால் தான் செலவாகாது. பிள்ளைகள் அதைப் பரீட்சையில் அப்படியே திருப்பி எழுதுவார்கள். நானும் மதிப்பெண் போட்டுவிடுவேன்.

ஒருநாள் ஒருத்தி எழுந்து, "டீச்சர், இது எங்க வூட்டுல எல்லாம் இருக்குங்களா?" என்றாள். புண்ணில் ஊற்றினால் நுரைக்கிற மருந்தைச் சொன்னேன். இரத்தத்தில் உள்ள ஓர் ஊக்கிதான் அதை நுரைக்க வைக்கிறது என்றேன். "வேற எதுங்க டீச்சர்?" என்றாள். பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், அதில் வேறு இல்லை. அன்றிலிருந்து ஒரு கிறுக்கு பிடித்துக்கொண்டது. கண்ணில் படுவதையெல்லாம் முகர்ந்து, கிள்ளி, ஊற வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் குடியிருந்தது ஒரு முஸ்லிம் குடும்பத்து வீட்டின் பின்கட்டில். வீட்டுக்காரர் துணிக்கடை வைத்திருந்தார். அவர் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஆட்டுக்கறியில் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைப் போடுவதைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டேன். "முத்தின கறிங்க டீச்சர். இதப் போட்டா சீக்கிரம் வெந்துரும்" என்றாள். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. கறியின் நாரை அறுக்கிற ஊக்கி, பப்பாளிப் பாலாகக் கொல்லைப்புறத்து மரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது!

அந்த வீட்டில் அக்காவின் மாமனார் இருந்தார். மிச்சமிருந்த நான்கு பற்களையும் மூன்று மாதத்துக்கு முன் பிடுங்கியிருந்தார்கள். பல்செட் கட்டிக்கொள்ள சேலம் வரமாட்டேன் என்று பிடிவாதம். எங்கள் பக்கத்துக் கேழ்வரகுக் களியை மெல்லத் தேவையில்லை; உருண்டையைக் குழம்பில் புரட்டி வாயில் போட்டால் தானாக இறங்கும். அதனால் அவருக்கு மூன்று வேளையும் களிதான். மனிதர் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார். தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்து போவார். "கறி வேணும்ங்கிறாரு. குடுத்தா வாயில வெச்சு வெச்சுத் துப்பறாரு. இப்பிடியே போனா என்னத்துக்கு ஆகும் டீச்சர்?" என்று அக்கா கண் கலங்கினாள். இது என்ன பெரிய விஷயம், நான் செய்து தருகிறேன் என்றேன். வேதியியல் படித்த திமிர்.

அடுத்த ஞாயிறு காலை பாதிப் பப்பாளிக்காயை அரைத்து அவருடைய பங்குக் கறியில் பூசினேன். "வெரலத்தன துண்டு போதுங்க டீச்சர்" என்றாள் அக்கா. காதில் வாங்கவில்லை. நான்கு மணி நேரம் ஊறட்டும் என்று மூடி வைத்தேன். மதியம் வேக வைத்துச் சட்டியைத் திறந்தால் கறியைக் காணோம். மசாலாவில் குழைந்த ஏதோ ஒரு கூழ் இருந்தது, லேசான கசப்போடு. பல் இல்லாதவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பரிமாறினேன்.

பெரியவர் ஒரு வாய் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். துப்பவில்லை, மரியாதைக்காரர். "இதுவுங் களிதானுங்களே டீச்சர்" என்றார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "மூணு மாசமா முழுங்கிக்கிட்டே கெடக்கறேன். மெல்லணும்னு கேட்டேன்" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் என்ன கேட்டார் என்று நான் கேட்கவே இல்லை. அதைவிட இன்னொன்று குத்தியது. செலவாகாது, செலவாகாது என்று வருடா வருடம் கத்தினேனே, அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருநாளாவது யோசித்தேனா? செலவாகாத ஒன்று எப்படித் தானாக நிற்கும்? கறி தீர்ந்தாலும் அது தீராது. கொதி வந்து அடக்கும்வரை அறுத்துக்கொண்டேதான் இருக்கும். ஒரு சட்டி கறியைக் கெடுத்த பிறகுதான் அந்த ஒரு வரி எனக்குப் புரிந்தது.

அதற்கடுத்த ஞாயிறு ஒழுங்காகச் செய்தேன். நான்கு டம்ளர்களில் ஒரே அளவாக நறுக்கிய கறி. விரலளவு பப்பாளித் துண்டை அரைத்து, நேரம் தள்ளித் தள்ளி, எல்லாவற்றிலும் சம அளவாகத் தடவினேன். முதல் டம்ளர் கால் மணி ஊறியது, அடுத்தது அரை மணி, பிறகு முக்கால், கடைசியில் ஒரு மணி. அதன்பின் நான்கையும் ஒன்றாக இட்லிப் பானையில் வைத்து அவித்தோம். "டீச்சரு கறிக்குப் பரீட்சை வெக்கிறாங்க" என்று அக்கா சிரித்தாள். எது சரி என்று எங்கள் இருவராலும் சொல்ல முடியவில்லை. உதட்டைப் பல்மேல் மடித்துக்கொண்டு மென்று பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டதுதான் மிச்சம். இந்தப் பரீட்சையைத் திருத்த அந்த வீட்டில் ஒருவரால்தான் முடியும்.

பெரியவரை உட்காரவைத்து நான்கு டம்ளர்களையும் முன்னால் வைத்தோம். முதலாவதை வாயில் போட்டு, புரட்டி, துப்பினார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் போட்டார். தாடை மேலும் கீழும் அசைந்தது. இந்தப் பக்கம் ஒதுக்கினார், அந்தப் பக்கம் ஒதுக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். ஈறுகள் கறியை அழுத்துகிற மெல்லிய சத்தம் எங்களுக்கே கேட்டது.

நான்காவது டம்ளரைப் பக்கத்தில் நகர்த்தினேன். அவர் அதைத் தொடவில்லை. வெகுநேரம் ஆயிற்று. தொண்டையில் அடைத்துக்கொண்டதோ என்று அக்கா பயந்துபோய் தண்ணீரை நீட்டினாள்.

"முழுங்கிருங்க மாமா, போதும்."

அவர் கண்ணைத் திறக்காமலே, கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினார்.