தங்கக் காது

எங்கள் ஊரின் தூ டுக் பகுதியில் புதிதாகத் திறந்த காபிக்கடை ஒன்றில் நான்கு பையன்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஸ்பீக்கர்களுக்கு மார்க் போடும் வீடியோவை மருமகன் அனுப்பியிருந்தான். கண்ணைக் கட்டிவிட்டால் காது நீதிபதி ஆகிவிடுமாம். எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இந்தக் கூத்தைத் தொண்ணூறுகளிலேயே டோங் டு பள்ளிவாசல் பக்கத்தில் பார்த்தாயிற்று.

அங்கே பஷீர் பாய் வீட்டில் ஞாயிறுதோறும் ஆறேழு தமிழர்கள் கூடி ரெக்கார்டு கேட்போம். கேட்போம் என்பது மரியாதைக்கு. ‘நெய் மாதிரி இறங்குது’, ‘வெண்கலம் மாதிரி இருக்கு’ என்று ஆளாளுக்கு அளப்போம். பாயிடம் அமெரிக்கர்கள் இங்கே போரில் தோற்றுக் கிளம்பியபோது விட்டுப்போன பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று, ஜப்பான் புதுசு ஒன்று. எது உசத்தி என்ற சண்டை முற்றி ஒருநாள் பாய் அறிவித்தார்: “அடுத்த வாரம் எல்லாரும் கண்ணக் கட்டிக்கிட்டுக் கேளுங்க. யாருக்குக் காது இருக்கு, யாருக்கு வாய் மட்டும் இருக்குன்னு தெரிஞ்சிடும்.”

எனக்குப் பகீரென்றது. டான் சோன் நாட் விமான நிலையச் சரக்கு ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் சவரிநாதன் அண்ணன், பாண்டிச்சேரிக்காரர், எங்கள் கூட்டத்திலேயே மூத்தவர். அவருக்குக் காது அடியோடு போய்விட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். எதிராளியின் உதட்டைப் பார்த்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

“வராதீங்கண்ணே” என்றேன்.

“வரலைன்னா சந்தேகப்படுவானுங்க. தெரிஞ்சா பாவம் பாத்து மூலையில உக்கார வச்சிருவானுங்கடா. எனக்கு இருக்கிறதே இந்த ஞாயித்துக்கிழமைதான்.”

ஒவ்வொருவராகக் கண்ணைக் கட்டினார்கள். பாட்டு முடிந்ததும் பாய் தோளைத் தட்டுவார். பழைய பெட்டி என்றால் இடக்கை, புதுசு என்றால் வலக்கை. நாங்கள் அத்தனை பேரும் மண்ணைக் கவ்வினோம். அண்ணன் மட்டும் ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னார். விஷயம் இதுதான்: அமெரிக்கப் பெட்டிக்கு நூற்றுப்பத்து வோல்ட்தான் ஆகும், வீட்டுக் கரண்டோ அதைப்போல இரண்டு மடங்கு. அது ஓடும்போது மட்டும் மேஜைக்கடியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். பாட்டுச் சத்தத்தில் அது எங்கள் காதில் விழவில்லை. அண்ணன் முழங்காலை மேஜைக்காலில் ஒட்டி வைத்திருந்தார்.

எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அண்ணன் கட்டிய கண்ணோடு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தோளில் அடுத்த தட்டு விழக் காத்திருந்தார்.

“இத்தனை கைதட்டியும் அசையுறாரா பாரு. என்ன அடக்கம்!” என்றார் பாய்.

நான்தான் போய்க் கட்டை அவிழ்த்தேன்.

பாய் வீடு இருந்த இடத்தில் இப்போது ஹோட்டல். அண்ணனும் பாயும் போய்ச் சேர்ந்தார்கள். மற்றவர்கள் பிள்ளைகளோடு பிரான்சுக்கும் காரைக்காலுக்கும் போய்விட்டார்கள். முழுச் செவிடர் ஒருவருக்குத் ‘தங்கக் காது’ பட்டம் கொடுத்து, கடைசிவரை நடு நாற்காலியில் உட்கார வைத்துக் கொண்டாடிய மடையர்கள். அப்படிப்பட்ட மடையர்கள் இந்த ஊரில் இப்போது ஒருவர்கூட இல்லை.