சப்வே தண்ணீரும் என் பழைய காரும்

இன்று மதியம் மேற்கு மாம்பலம் கிளம்பினேன். தி. நகர் சப்வேயில் மழைத் தண்ணீர் நின்றிருந்தது.

நம் ஈமெயில் குழுவில் நீங்கள் கேலி செய்யும் அதே பழைய ஜெர்மன் கார்தான். சொகுசுக் கார்களில் அது விலை குறைந்த கடைசிப் படி. ஆனாலும் என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் பழுதுபார்க்க எனக்கு வசதியில்லை. இறங்கிப் போய்க் குடையைத் தண்ணீருக்குள் விட்டு ஆழம் பார்க்கத் தொடங்கினேன்.

பின்னால் ஹாரன்கள் அலறின. பயந்துபோய், வருவது வரட்டும் என்று காரில் ஏறிவிட்டேன்.

பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஓடிவந்தார்.

"இன்னா பெருசு, மீன் புடிச்சிக்கினு இருந்தியா?"

விஷயத்தைச் சொன்னேன். பேண்ட்டை மடித்துக்கொண்டு அவரே தண்ணீருக்குள் நடந்தார். நடுவில் தொடைவரை வந்தது.

"போவாத சார், வண்டி காலியாயிடும்! ரிவர்ஸ் எடு, நான் பாத்துக்கறேன்."

பின்னால் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பின்வாங்க வைத்தார். நான் தடுமாறித் தடுமாறி வெளியே வரும்வரை கூடவே நடந்தார்.

கைகூப்பினேன்.

"அத்த வுடு சார். அடுத்த மழைக்கு நம்ம ஆட்டோல வா" என்றார்.

கார் பத்திரமாக வீட்டில் நிற்கிறது. பதற்றத்தில் அவர் பெயரைக் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மறுபடி மேகம் கறுத்திருக்கிறது.